அம்மாவுக்கு மூட்டுவலி, கையில் மூன்றரை லட்சம்: வேகன் ஆரா, கிராண்ட் ஐ10ஆ, ஸ்விஃப்ட் டீசலா?

கரிசல்காரன் (கோவில்பட்டி):

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்கு முதல் கார், பழசுதான் வாங்கப் போகிறோம். மொத்தப் பணம் மூன்றரை லட்சம். பேர் மாற்றுவது, இன்ஷூரன்ஸ், சின்னச் சின்ன வேலை எல்லாம் அதற்குள் முடிந்தால் நல்லது, கடன் வாங்குவதாக இல்லை.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. மாதா மாதம் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும், பஸ் படி ஏறுவதற்குள் அழுதுவிடுகிறார்கள். அப்புறம் எட்டயபுரம் பக்கம் எங்கள் காடு, அதாவது விவசாய நிலம், இருக்கிறது, கடைசிக் கொஞ்ச தூரம் வெறும் வண்டிப்பாதை, மழை பெய்தால் கரிசல் மண் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். எல்லாம் சேர்த்தும் மாதம் அறுநூறு கிலோமீட்டர் தாண்டாது.

மூன்று வண்டி கண்ணில் பட்டிருக்கிறது. ஒன்று 2014 ஸ்விஃப்ட் விடிஐ டீசல், 1,12,000 கிலோமீட்டர் ஓடியது, இரண்டாவது ஓனர், 3,60,000 சொல்கிறார், பேசினால் இறங்குவார் போல. இரண்டாவது 2016 கிராண்ட் ஐ10 ஸ்போர்ட்ஸ் பெட்ரோல், தூத்துக்குடியில் ஒரு டீலரிடம் நிற்கிறது, மீட்டரில் 54,000, விலை 3,40,000, போட்டோவில் உள்ளே வெளியே எல்லாம் ஷோரூமிலிருந்து வந்த மாதிரி இருக்கிறது. மூன்றாவது 2017 வேகன் ஆர் விஎக்ஸ்ஐ, சாத்தூரில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருடையது, ஒரே ஓனர், 71,000 கிலோமீட்டர், பின்கதவில் நசுங்கல், பம்பரில் கீறல், 3,45,000 கேட்கிறார்.

மச்சான் ஸ்விஃப்டை விடாதே என்கிறார், திரும்ப விற்கும்போது விலை போகுமாம். எனக்கு மனசு கிராண்ட் ஐ10 பக்கம் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பட்டறை அண்ணாச்சி (விருதுநகர்):

தம்பி, மாதம் அறுநூறு கிலோமீட்டருக்கு டீசல் வேண்டாம், முதலில் அதை ஓரமாக வையுங்கள். மிச்சம் இரண்டும் பெட்ரோல், இரண்டு எஞ்சினும் நல்ல எஞ்சின். வேகன் ஆரில் இருக்கும் 998 சிசி கே10, கிராண்ட் ஐ10-இல் இருக்கும் 1197 சிசி கப்பா, இரண்டிலும் டைமிங் செயின்தான், பெல்ட் மாற்றுகிற செலவு கிடையாது. இரண்டுக்கும் சாமான் எங்கேயும் கிடைக்கும், கோவில்பட்டியில் எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். அதனால் இனிமேல் மாடலை விட்டுவிட்டு அந்தந்த வண்டியைப் பாருங்கள். ஒரே வருடத்து ஒரே மாடல் வண்டி இரண்டு என் பட்டறைக்கு வரும், ஒன்று சத்தமே இல்லாமல் ஓடும், இன்னொன்றில் கியர் மாற்றினாலே உடம்பெல்லாம் நடுங்கும். வைத்திருந்தவர் கையில்தான் இருக்கிறது.

தூத்துக்குடி வண்டியை நினைத்தால் எனக்கு ஒரு பயம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை மறந்துவிடாதீர்கள், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, அங்கே எத்தனை கார் முங்கிக் கிடந்தது என்று பார்த்தோம். அந்த வண்டியெல்லாம் எங்கே போயிருக்கும்? கழுவி, சீட் கவர் மாற்றி, வாசனை அடித்து விற்கிறார்கள். அந்த டீலர் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எப்படிப் பார்ப்பது என்றால், முன் சீட் பெல்ட்டைப் பிடித்து முழுசாக, இனி வராது என்கிற வரைக்கும் இழுங்கள். யாரும் அதுவரை இழுப்பதில்லை, கழுவுகிறவரும் இழுப்பதில்லை. தண்ணீர் ஏறியிருந்தால் அந்தக் கடைசி முழத்தில் காவிக் கறை கோடு போட்ட மாதிரி நிற்கும். அப்புறம் சீட்டை முன்னால் தள்ளிவிட்டுக் கீழே தண்டவாளத்தைப் பாருங்கள், போல்ட் தலையில் துரு இருக்கிறதா என்று. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியில் கையை விட்டுத் தடவினால் வண்டல் ஒட்டும். தரை விரிப்பைத் தூக்கிக் கீழே இருக்கும் பஞ்சை அழுத்தி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒயரிங்தான் எமன், தண்ணீர் பட்ட ஒயரிங் ஆறு மாதம் நன்றாக இருக்கும், அப்புறம் ஒவ்வொரு கனெக்டராகப் பச்சை பூத்து, ஒரு நாள் பவர் விண்டோ, ஒரு நாள் ஸ்டார்ட் ஆகாது, எங்கே கோளாறு என்று தேடியே பணம் போய்விடும்.

வண்டி பார்க்கப் போவதற்கு முன்னால் போன் பண்ணி, நான் வருகிற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் அவர் ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கிவிட்டார் என்று அர்த்தம், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் பண்ணியதும் ஒருவரைப் பின்னால் நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. முகர்ந்தால் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலண்ட் எஞ்சினுக்குள் கசியாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது, அந்த வண்டியே வேண்டாம்.

---

நாலுவழிச்சாலை (திருநெல்வேலி):

அண்ணாச்சி சொல்வதில் எனக்கு ஒரு இடத்தில் ஒப்புதல் இல்லை. டீசலை இப்படி ஒரே வரியில் தள்ளக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்ரோல் நூறு ரூபாய், வண்டி பதினைந்து கொடுக்கிறது என்றால் அறுநூறு கிலோமீட்டருக்கு நாற்பது லிட்டர், 4,000 ரூபாய். டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஸ்விஃப்ட் நெடுஞ்சாலையில் தாராளமாக இருபது கொடுக்கும், முப்பது லிட்டர், 2,760 ரூபாய். மாதம் 1,240 மிச்சம், வருடத்துக்குப் பதினைந்தாயிரம் பக்கம். வேலை பார்ப்பவருக்கு இது சின்னத் தொகையா? அந்த 1.3 டீசல் எஞ்சின் ஃபியட்டிலிருந்து வந்தது, டாக்ஸிக்காரர்கள் இரண்டு லட்சம், மூன்று லட்சம் ஓட்டியிருக்கிறார்கள். மாருதி 2020-இல் டீசலே நிறுத்திவிட்டதால் நல்ல டீசல் ஸ்விஃப்டுக்கு இன்னும் ஆள் தேடி வருகிறார்கள், மச்சான் சொன்னதில் தப்பில்லை.

இன்னொன்று, பத்து வருடமான டீசல் வண்டி ஓட்டக் கூடாது என்று நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். அது டெல்லி வட்டாரத்து விதி. தமிழ்நாட்டில் ஆர்சி (பதிவுச் சான்று) 15 வருடம், அதற்கு அப்புறம் எஃப்சி (தகுதிச் சான்று) எடுத்து ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம். 2014 வண்டிக்கு 2029 வரை கவலை இல்லை.

---

பட்டறை அண்ணாச்சி (விருதுநகர்):

தம்பி கணக்கு சரிதான், நான் மறுக்கவில்லை. அந்தப் பதினைந்தாயிரம் எங்கே போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டாக்ஸி மூன்று லட்சம் ஓடுவது தினமும் எஞ்சின் சூடாகி ஓடுவதால். இவர் வண்டி வாரத்தில் பாதி நாள் வாசலில் நிற்கும், மிச்ச நாள் காட்டுக்குப் போய் வரும். லட்சம் தாண்டிய டீசலில் இன்ஜெக்டர் நாலு, டர்போ, கிளட்ச் செட், இதில் எது முதலில் கேட்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, எது கேட்டாலும் இரண்டு வருட மிச்சத்தை ஒரே பில்லில் எடுத்துக்கொள்ளும். கையில் மூன்றரை லட்சத்துக்கு மேல் இல்லை என்கிறார், அதில் 3,60,000 வண்டி. ஓட்டம் அதிகம் உள்ளவர் கேட்டிருந்தால் நானே ஸ்விஃப்ட் டீசலைத்தான் சொல்லியிருப்பேன்.

---

மலர் (கோயம்புத்தூர்):

எல்லாரும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறீர்கள், இந்தத் தம்பி வண்டி வாங்குவதே அம்மாவுக்காக. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துப் பாருங்கள் தம்பி. முதல் ஆளாக அவர்கள்தான் வண்டியைப் பார்க்க வேண்டும்.

என் மாமியாருக்கும் இதே பிரச்சினை. மூட்டு தேய்ந்தவர்களுக்குக் காருக்குள் ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரிய வேதனை. சீட் தாழ்வாக இருந்தால் முட்டியை நெஞ்சு வரைக்கும் மடக்கி உட்கார வேண்டும், எழுந்திருக்கும்போது முழு உடம்பு எடையும் அந்த முட்டியில் ஏறும். வேகன் ஆர் மாதிரி உயரமான வண்டியில் சீட் கிட்டத்தட்ட இடுப்பு உயரத்தில் இருக்கிறது, குனியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே திருப்பிக்கொள்ளலாம், கூரையில் தலை இடிக்காது. ஸ்விஃப்ட் பார்க்க அழகு, ஓட்ட நன்றாக இருக்கும், நானே ஆசைப்பட்ட வண்டி, ஆனால் மாமியாரை அதில் ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும். கிராண்ட் ஐ10 இந்த இரண்டுக்கும் நடுவில். பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முன்சீட்டையும் முழுசாகப் பின்னால் தள்ளி உட்கார வையுங்கள், நிறையப் பேருக்கு முன்சீட்தான் வசதி. கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, கைப்பிடி எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். வாக்கர் வைத்திருந்தால் அதையும் எடுத்துப் போய் டிக்கியில் போட்டுப் பாருங்கள், அந்த வருடத்து வேகன் ஆரில் டிக்கி சின்னது, 180 லிட்டர்தான்.

ஒன்றே ஒன்று உறுத்துகிறது. ஏர்பேக். அந்த 2017 வேகன் ஆர் வெறும் விஎக்ஸ்ஐ என்றால் ஏர்பேக்கும், பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ்ஸும் இருக்காது, பின்னால் ‘ஓ’ என்று சேர்ந்த விஎக்ஸ்ஐ (ஓ) என்றால் இரண்டும் உண்டு. ஸ்டியரிங் நடுவில் ஏர்பேக் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், ஆர்சியிலும் வேரியண்ட் போட்டிருக்கும். மதுரை நாலுவழிச்சாலையில் அம்மாவை வைத்து ஓட்டப் போகிறீர்கள், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏபிஎஸ் எல்லாக் காரிலும் கட்டாயமானது 2019 ஏப்ரலில், டிரைவர் ஏர்பேக் அந்த ஜூலையில், முன்னால் இரண்டு பக்கமும் ஏர்பேக் 2022-இலிருந்து. அதற்கு முந்தின வண்டி எதுவாக இருந்தாலும் வேரியண்ட் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

---

பாலிசி (மதுரை):

இன்ஷூரன்ஸ் சர்வே வேலையில் இருக்கிறேன், என் பங்குக்குக் கொஞ்சம்.

எஞ்சின் ஆயிரம் சிசிக்குள் இருந்தால் தேர்டு பார்ட்டி (எதிராளி இழப்பீட்டுக்கான) பிரீமியம் 2,094 ரூபாய், ஆயிரத்தைத் தாண்டி 1500 வரை 3,416 ரூபாய், இது 2022 ஜூனில் வந்த கட்டணம், ஜிஎஸ்டி தனி. வேகன் ஆர் 998 சிசி என்பதால் கீழ் அடுக்கில் வரும், மற்ற இரண்டும் மேல் அடுக்கு. வருடா வருடம் கட்டுகிற பணம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ் ஃபுல் கவர் இருக்கிறது, ஐம்பது சதவீதம் நோ க்ளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காதவருக்குத் தருகிற தள்ளுபடி) என்று விற்பவர் சொன்னால் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. அந்த போனஸ் ஆளுக்கு உரியது, வண்டியோடு உங்களுக்கு வராது. வண்டி கை மாறிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஆர்சி புதிய ஓனர் பேரில், பாலிசி பழைய ஓனர் பேரில் இருக்கும்போது விபத்து நடந்தால் எதிராளிக்கு இழப்பீடு கிடைத்துவிடும், உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது. அழுதுகொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன், சட்டப்படி எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

போவதற்கு முன்பே அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஓனர் எத்தனையாவது, கடன் பதிவு இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எதுவரை, அபராதம் பாக்கி உண்டா என்று பாருங்கள். வண்டியில் அடித்திருக்கும் சேசிஸ் எண்ணையும் ஆர்சி எண்ணையும் ஒரு எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள்.

அடிபட்ட வண்டியா என்று தெரிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. எல்லாக் கண்ணாடியின் மூலையிலும் கம்பெனி முத்திரையும் தயாரித்த வருடக் குறியும் சின்னதாக இருக்கும். வண்டி 2016 என்றால் அந்த வருடத்தை ஒட்டி எல்லாமே ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு கதவுக் கண்ணாடியில் மட்டும் வேறு முத்திரை என்றால் அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. கதவு ரப்பர் பீடிங்கை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெல்டிங் புள்ளிகள் வட்ட வட்டமாக வரிசையாகத் தெரியும், கம்பெனி வெல்டிங். அது தெரியாமல் பட்டி பூசி வழுவழுவென்று இருந்தால் கதவுத் தூணான பில்லர் வரை வேலை நடந்திருக்கிறது. வேகன் ஆர் கதவில் இருக்கும் நசுங்கலைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மறைக்காமல் விட்டிருக்கிறார் என்பதே நல்லதுதான்.

---

கரிசல்காரன் (கோவில்பட்டி):

எல்லோருக்கும் பெரிய நன்றி. தூத்துக்குடிக்கும் சாத்தூருக்கும் போய் வந்துவிட்டேன்.

கிராண்ட் ஐ10: பானெட் குளிர்ச்சியாகத்தான் இருந்தது, எஞ்சின் சத்தமும் நன்றாக இருந்தது, ஏசி கும்மென்று இழுத்தது. டிரைவர் பக்கத்து பெல்ட்டை இழுத்தேன், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, கடைசியில் ஒரு முழத்துக்குத் தேநீர் கொட்டியது போல் பழுப்புக் கறை, ஓரத்தில் நேர்கோடாக. இடது பக்கமும் அதே உயரத்தில் அதே கோடு. டீலர் பையன், முந்தின ஓனர் ஜூஸ் கொட்டியிருப்பார் சார் என்றான். இரண்டு பக்கமும் ஒரே அளவாகவா? சீட்டுக்குக் கீழே போல்ட் எல்லாம் துரு, மேலே புது கவர். ஸ்டெப்னி வரைக்கும் போகவில்லை, வந்துவிட்டோம். அண்ணே, நீங்கள் சொல்லவில்லை என்றால் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்திருப்பேன்.

சாத்தூர் வேகன் ஆர்: அம்மாவையும் கூட்டிப் போனேன். முன்சீட்டில் தனியாக ஏறித் தனியாக இறங்கிவிட்டார்கள். வாத்தியார் ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும் ஃபைலில் போட்டு வைத்திருக்கிறார், கடைசியாக ஆயில் மாற்றிய தேதி வரைக்கும். கண்ணாடி எல்லாம் 2017 முத்திரை. வண்டி விஎக்ஸ்ஐ (ஓ), ஸ்டியரிங்கில் ஏர்பேக் எழுத்து இருக்கிறது. ஓட்டும்போது மூன்றாவது கியரில் மேட்டில் ஏற்றினால் எஞ்சின் கத்துகிறது, வேகம் அவ்வளவாக ஏறவில்லை. டயர் நான்கிலும் 1117 என்று எண் இருக்கிறது. மிச்சம் எல்லாம் எனக்குத் திருப்தி. ஆனால் பரிவாகனில் பார்த்தால் ஒரு வங்கிக்குக் கடன் பதிவு காட்டுகிறது. கேட்டால் கடன் எப்போதோ முடிந்துவிட்டது என்கிறார், நல்ல மனிதர், பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை. என்ன செய்வது? விலை எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

---

பட்டறை அண்ணாச்சி (விருதுநகர்):

எஞ்சின் கத்தி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தட்டு வழுக்குகிறது, 71,000-க்கு அது இயல்புதான், கிளட்ச் செட் மாற்றினால் சரியாகிவிடும். டயரில் 1117 என்றால் 2017-ஆம் வருடம் பதினோராவது வாரத்தில் தயாரித்தது, வண்டியோடு வந்த டயரே இன்னும் ஓடுகிறது. பட்டன் (டயரின் மேல் வரி) தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும், அம்மாவை வைத்து மதுரைக்கு ஓட்டுவதற்கு முன்னால் நான்கையும் மாற்றிவிடுங்கள். கிளட்ச், டயர் இரண்டுக்கும் உங்கள் ஊர் மெக்கானிக்கிடமும் டயர் கடையிலும் விலையை எழுதி வாங்கி வாத்தியார் முன்னால் வையுங்கள். சும்மா குறையுங்கள் என்று கேட்டால் அவருக்கும் சங்கடம், கணக்கோடு கேட்டால் ஒத்துக்கொள்வார். 3,20,000 பக்கம் முடிந்தால் யோசிக்காமல் எடுங்கள். பின்கதவு நசுங்கலை அப்படியே விடுங்கள், அதற்கு டிங்கரிங் செலவு செய்வதைவிட அந்தப் பணத்தில் பிரேக் ஆயில், கூலண்ட், எல்லா ஃபில்டரும் மாற்றலாம்.

காட்டுப்பாதையில் மழை நாளில் மட்டும் இறக்காதீர்கள். சின்ன டயர் கரிசலில் சிக்கினால் டிராக்டர்தான் வர வேண்டும்.

---

பாலிசி (மதுரை):

கடன் பதிவு விஷயம் பயப்படும்படி இல்லை, நிறைய வீடுகளில் கடைசித் தவணை கட்டியதோடு விட்டுவிடுகிறார்கள், ஆர்சியில் நீக்குவதில்லை. கடன் பாக்கி இல்லை என்று வங்கி கொடுக்கும் என்ஓசியும் படிவம் 35-உம் வைத்து ஆர்டிஓவில் கொடுத்தால் நீக்கிவிடுவார்கள். பழைய என்ஓசி என்றால் வங்கியில் புதிதாக வாங்கச் சொல்லுங்கள். அது நீங்குகிற வரைக்கும் சின்ன அட்வான்ஸுக்கு மேல் கொடுக்க வேண்டாம், அட்வான்ஸுக்கும் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கியதும் படிவம் 29, 30 இரண்டிலும் அவரை உங்கள் முன்னாலேயே கையெழுத்துப் போடச் சொல்லி அந்த வாரமே பேர் மாற்றத்துக்குக் கொடுங்கள், வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவது அவருக்கும் ஆபத்து உங்களுக்கும் ஆபத்து.

பழைய ஃபாஸ்டேக்கை வாத்தியார் கணக்கில் மூடச் சொல்லிவிட்டு உங்கள் பேரில் புதிது வாங்குங்கள். இல்லையென்றால் எட்டூர்வட்டம், கப்பலூர் சுங்கச்சாவடிகளை நீங்கள் கடக்கும்போதெல்லாம் அவர் கணக்கிலிருந்துதான் பணம் போகும்.